வட்டம் பெரிதானால் வரலாறு தெரியுமா?

பழம்பொருள் தேடுபவர்களிடையே ஓயாத ஒரு விவாதம் உண்டு. மெட்டல் டிடெக்டரோடு கூடவே வரும் 8 அல்லது 11 அங்குலச் சுருள் போதுமா, இல்லை 15 அங்குலப் பெரிய சுருள் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டுமா? கேட்பதற்குக் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒரு ஜனாதிபதியின் உயிரும், ஒரு பாலைவனப் போரும், மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்த சில உண்மைகளும் இந்த வட்டத்தின் அளவோடு சம்பந்தப்பட்டிருக்கின்றன.

"பெரிய சுருள் ஆழமாகப் பார்க்கும்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன என்பதே இந்தக் கட்டுரை.

சுருள் என்ன செய்கிறது?

டிடெக்டர் என்றதும் ஏதோ கதிர் பாய்ச்சி மண்ணுக்குள் பார்க்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. பள்ளிக்கூட இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இதன் மொத்த ரகசியம். கம்பின் நுனியில் உள்ள வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடும்போது, தட்டின் கீழே ஒரு காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் அகப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்பும். தட்டிலுள்ள இன்னொரு சுருள் அதைப் பிடித்து ஒலியாக மாற்றிக் காதுக்குத் தருகிறது. அதாவது, டிடெக்டர் பார்ப்பதில்லை. ஒரு கேள்வி கேட்டு, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது.

இங்கேதான் ஆழத்தின் கொடுமை வருகிறது. கேள்வி கீழே போகும்போதும் பலவீனமாகிறது, பதில் மேலே வரும்போதும் பலவீனமாகிறது. சுருளின் அளவோடு ஒப்பிடுகையில் பொருள் மிகத் தொலைவில் இருந்தால், தூரம் இரண்டு மடங்கானால் வரும் சைகை ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சத்தத்தைக் கூட்டி வைப்பதால் மட்டும் இதை வெல்ல முடியாது.

சுருளைப் பெரிதாக்கினால் காந்தப்புலம் அகலமாகி, கீழே அதிக தூரத்துக்கு எட்டும். ஒரு நாணயத்தை ஏறக்குறைய சுருளின் விட்டம் அளவு ஆழம் வரை எதிர்பார்க்கலாம் என்று தேடுபவர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மண்ணையும் கருவியையும் பொறுத்து இது கூடும், குறையும்.

ஆனால் அதே ஆற்றல் இப்போது அகன்ற பரப்பில் பரவுகிறது. 8 அங்குல வட்டத்தைவிட 15 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் மூன்றரை மடங்கு. எனவே தட்டுக்கு மிக அருகே கிடக்கும் ஒரு சின்னப் பொத்தானோ, நகத்துண்டு அளவு வெள்ளியோ, பெரிய சுருளுக்குச் சில சமயம் கேட்பதே இல்லை. அதோடு வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் பல பொருள்கள் அகப்படும். ஒரு வெள்ளிக் காசின் பக்கத்தில் இரண்டு துருப்பிடித்த ஆணிகள் கிடந்தால், மூன்றின் பதிலும் ஒன்றாகக் கலந்து வரும். ஆணி காசை மறைத்துவிடும்.

ஜனாதிபதியின் கட்டில்

இந்தச் சிக்கலை முதலில் அனுபவித்தவர் சாதாரண ஆள் இல்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைக் குடைந்து பார்ப்பதுதான் மருத்துவர்களுக்குத் தெரிந்த வழி.

பெல் இரவு பகலாக உழைத்து ஒரு கருவியைச் செய்தார். அதில் இரண்டு சுருள்கள். உலோகம் எதுவும் அருகில் இல்லாதவரை ஒன்றின் தாக்கம் மற்றொன்றில் தெரியாதபடி சமன் செய்யப்பட்டிருந்தது. உலோகம் நெருங்கினால் சமநிலை கெட்டு, காதில் வைத்திருக்கும் தொலைபேசியில் ஒலி கேட்கும். இன்றைய டிடெக்டர்கள் பலவும் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன.

குண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே கருவியின் எட்டும் தூரத்தை எப்படியாவது கூட்டுவதுதான் பெல்லின் கவலை. ஜூலை 26-ம் தேதியும் ஆகஸ்ட் 1-ம் தேதியும் வெள்ளை மாளிகையில் சோதனை நடந்தது. முதல் தடவை கருவியின் இணைப்பில் கோளாறு. இரண்டாம் தடவை ஒலி கேட்டது; ஆனால் ஓரிடத்தில் இல்லை, அகன்ற பரப்பு முழுவதும் மங்கலாகக் கேட்டது. காரணம் பிறகு தெரிந்தது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான இன்னொரு அடுக்கு இருந்தது. பெல்லின் கருவி உடம்பையும் தாண்டிக் கட்டிலின் குரலையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது!

அதோடு, தலைமை மருத்துவர் பிளிஸ் குண்டு வலப்பக்கம் இருப்பதாக உறுதியாக நம்பினார். தேடலும் அந்தப் பக்கமே நடந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது தெரிந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, தொலைவில் உள்ளதைக் கேட்கக் காதைத் தீட்டினால் வேண்டாததும் சேர்ந்தே கேட்கும். இரண்டு, எங்கே தேடுவது என்ற முடிவு தப்பாக இருந்தால் எந்தச் சுருளும் கை கொடுக்காது.

இரண்டு பெட்டிகளும் ஒரு கம்பும்

அடுத்த கட்டம் 20-ம் நூற்றாண்டில். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த கெர்ஹார்ட் ஃபிஷர் விமானங்களுக்கான திசை காட்டும் ரேடியோக் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தார். சில இடங்களில் கருவி திசையைத் தவறாகக் காட்டியது. உலோகமும் தாதுக்களும் உள்ள நிலமே அதற்குக் காரணம் என்று புரிந்துகொண்டு, அந்தப் பிழையையே தன் கண்டுபிடிப்பாக ஆக்கினார். 1931-ல் கலிபோர்னியாவில் தொழிலைத் தொடங்கி, 1937-ல் காப்புரிமையும் பெற்றார்.

அவருடைய கருவி இரண்டு பெட்டிகள். ஒன்று அலையை அனுப்பும், சற்றுத் தள்ளிப் பிடிக்கப்பட்ட மற்றொன்று வாங்கும். புதைந்த குழாய், மின்கம்பி, தாதுப் படிவு ஆகியவற்றைத் தேட இது அருமையான ஏற்பாடு. ஆனால் தனியாகக் கிடக்கும் ஒரு காசை இது கண்டுகொள்வதே இல்லை. இன்றும் இரு பெட்டிக் கருவிகள் இருக்கின்றன. ஆழத்தில் உள்ள பெரிய பொருளைத் தேடுவோர் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய ஏற்பாடு பெரிய பொருளுக்கே என்ற விதி ஃபிஷர் காலத்திலேயே தெளிவாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் வேறொரு தேவையைக் கொண்டுவந்தது. போலந்து ராணுவப் பொறியாளர் யூசெப் கொசாட்ஸ்கி, தன் நாடு வீழ்ந்த பிறகு பிரான்ஸ் வழியாகப் பிரிட்டன் வந்து சேர்ந்தவர். ஸ்காட்லாந்தில் இருந்தபோது, ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி காட்டும் கருவியை 1941-42-ல் உருவாக்கினார். எடை 14 கிலோவுக்கும் குறைவு. 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் சுமார் 500 கருவிகள் பயன்பட்டன. கண்ணிவெடி அகற்றும் வேகம் மணிக்கு 100 சதுர மீட்டரிலிருந்து 200 சதுர மீட்டராக உயர்ந்தது என்கிறது வரலாறு. அவர் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. கிடைத்தது மன்னரின் நன்றிக் கடிதம். குடும்பம் ஜெர்மானியரின் பிடியில் இருந்த போலந்தில் இருந்ததால் அவர் பெயரும் வெகுகாலம் வெளியே வரவில்லை.

அங்கே சுருளின் அளவைத் தீர்மானிப்பது சுலபம். தேடும் பொருள் என்னவென்று முன்கூட்டியே தெரியும். சுமார் 30 செ.மீ. அகலமுள்ள உலோகத் தட்டு, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே. அதற்கேற்ற சுருள், அதற்கேற்ற உணர்திறன். பழம்பொருள் தேடுபவருக்கோ இந்த வசதி கிடையாது. அவர் தேடுவது என்னவென்று தோண்டிய பிறகுதான் அவருக்கே தெரியும்.

வர்ஜீனியாவின் சிவப்பு மண்

போர் முடிந்தது. ராணுவத்தின் உபரிக் கண்ணிவெடிக் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் சிலர் அவற்றை வாங்கிக்கொண்டு, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முகாம்களையும் களங்களையும் தேடிப் போனார்கள். தோட்டா, பொத்தான், இடுப்புப்பட்டைக் கொக்கி, பீரங்கிக் குண்டின் சில்லு என்று கிடைத்தன. ஒரு பொழுதுபோக்கு பிறந்தது.

ஆரம்பத்தில் இதெல்லாம் சில அங்குல ஆழத்திலேயே கிடைத்தன. பத்து இருபது ஆண்டுகளில் பிரபலமான வயல்களின் மேல்மண் சலித்தெடுக்கப்பட்டுவிட்டது. "இந்த நிலத்தில் இனி ஒன்றுமில்லை" என்று ஒருவர் கைவிட்ட நிலத்துக்கு இன்னொருவர் பெரிய சுருளோடு வந்தார். பெரிய சுருளின் மோகம் வளர்ந்தது இப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறைக்கு எட்டாத ஆழத்தைக் குறிவைத்தது.

ஆனால் மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வர்ஜீனியாவின் கல்பெப்பர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1863-64 குளிர்காலத்தில் வடக்கு அரசின் பொட்டோமாக் படையைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பிராண்டி ஸ்டேஷனைச் சுற்றிக் குடிசை போட்டுத் தங்கிய இடம் அது. பழம்பொருளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. ஆனால் மண்ணோ இரும்புத் தாது மிகுந்த சிவப்புக் களிமண். அந்த மண்ணே டிடெக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லும்! 15 அங்குலச் சுருள் எத்தனை அதிகமாக மண்ணைப் பார்க்கிறதோ, அத்தனை அதிகமாக மண்ணின் இரைச்சலும் வரும். இப்படிப்பட்ட நிலத்தில் பெரிய சுருள் சின்னச் சுருளைவிட ஆழம் குறைவாகவே காட்டுவதும் உண்டு.

இரண்டு சுருள்களும் ஆங்கில டி எழுத்துபோல முதுகோடு முதுகாகப் பொருந்தி, நடுவில் சற்றே ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் அமைப்பு இங்கே உதவுகிறது. இதை 'டபுள் டி' என்பார்கள். ஒரே மையம் கொண்ட வட்டச் சுருளின் புலம் கூம்புபோல இறங்கும். ஆழம் போகப் போகக் குறுகும். டபுள் டி சுருளின் புலமோ கத்தி அலகுபோல முன்னிருந்து பின்னாக நீண்டு இறங்கும். மண்ணின் தொல்லை குறைகிறது, ஆணிகளுக்கு நடுவே உள்ள பொருளையும் பிரித்துக் கேட்க முடிகிறது.

குடிசைகள் இருந்த இடத்தில் ஆணிகள் ஏராளம். அங்கே 5, 6 அங்குலச் சின்னச் சுருளே ராஜா. குப்பையில்லாத, அகன்ற, சாதுவான மண்ணுள்ள வயலில்தான் பெரிய சுருளுக்கு வேலை.

சில அங்குலத்தில் கிடந்த சரித்திரம்

ஆழம்தான் பெரிது என்று நினைப்பவர்கள் லிட்டில் பிக்ஹார்ன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் சென்ற குதிரைப்படைப் பிரிவை லக்கோட்டா, செயென் வீரர்கள் முற்றாக அழித்தார்கள். கஸ்டரோடு இருந்த சுமார் 210 பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. குன்றின்மேல் கடைசித் தோட்டா வரை வீரமாக நின்று சுட்டார்கள் என்ற சித்திரம் ஓவியங்களாகவும் சினிமாக்களாகவும் அமெரிக்கர்கள் மனத்தில் பதிந்தது. லக்கோட்டாக்களும் செயென்களும் சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது. ஆனால் அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1983 ஆகஸ்டில் அந்தக் களத்தில் புல் தீப்பிடித்து எரிந்தது. தரை வெறுமையானது. 1984, 1985 ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் தலைமையில் தொல்லியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை பல தொல்லியலாளர்கள் கொள்ளையரின் கருவி என்று முகம் சுளித்த மெட்டல் டிடெக்டரை, அதில் பழகிய தன்னார்வலர்களின் கையில் கொடுத்து, வரிசையாக நடக்க வைத்தார்கள். ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவும் தோட்டா உறையும் கிடந்த இடம் அளந்து குறிக்கப்பட்டது.

துப்பாக்கியின் ஊசி தோட்டா உறையில் விடும் தடம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி. போலீஸ் புலனாய்வில் பயன்படும் அதே முறையால், எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடப் பின்தொடர முடிந்தது. பழங்குடி வீரர்களிடம் பல வகைத் துப்பாக்கிகள் இருந்ததும், அவற்றில் வேகமாகத் தொடர்ந்து சுடக்கூடிய ஹென்றி, வின்செஸ்டர் ரகங்கள் இருந்ததும் உறுதியாயின. படை ஒழுங்காக நின்று போரிட்டதைவிட, ஒழுங்கு குலைந்து விரைவில் சரிந்ததற்கே தடயங்கள் பொருந்துகின்றன என்று ஃபாக்ஸ் வாதிட்டார். நூறாண்டாகப் புறக்கணிக்கப்பட்ட பழங்குடியினரின் சாட்சியங்களுக்கு மண்ணிலிருந்து துணை கிடைத்தது.

இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, சில அங்குல ஆழத்தில் கிடந்தவை. இவற்றைக் கண்டுபிடிக்க ராட்சதச் சுருள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு வரிசை, ஒரு கொடி, ஒரு வரைபடம். யாராவது முன்பே வந்து அந்த உறைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுப் போயிருந்தால், அவருக்கு ஒரு டப்பா நிறைய உலோகம் கிடைத்திருக்கும். நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஏர் போகும் ஆழம்

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். இந்த விவாதத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

உழவு நிலத்தில் ஏர் சுமார் 20 முதல் 30 செ.மீ. ஆழம் வரை மண்ணைப் புரட்டுகிறது. ஆண்டுதோறும் புரட்டப்படும் அந்த மண்ணில் கிடக்கும் பொருள் ஏற்கெனவே இடம் மாறியது. அதை எடுப்பதால் பெரிய நஷ்டமில்லை; எங்கே கிடைத்தது என்று குறித்துக்கொண்டால் போதும். சில சமயம் மேலே விட்டுவைப்பதுதான் ஆபத்து, ஏரும் உரமும் அதை அரித்துவிடும். ஏர் எட்டாத ஆழத்திலோ கதையே வேறு. அங்கே பொருள் வைத்தவர் வைத்தபடி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மண், பானை ஓடு, மரப்பெட்டியின் சுவடு, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள அடுக்கு எல்லாமே சாட்சிகள்.

சாதாரணச் சுருள் பெரும்பாலும் உழவு மண்ணோடு நின்றுவிடும். பெரிய சுருள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. ஆகவே சுருளைப் பெரிதாக்குவது ஆழத்தை மட்டும் கூட்டுவதில்லை. கலைந்த வரலாற்றிலிருந்து கலையாத வரலாற்றுக்குள் காலடி வைப்பது அது.

இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வயலில் ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கம் கிடைத்தது. கண்டவர் பயன்படுத்தியது பல ஆண்டு பழைய, சாதாரணமான டிடெக்டர். பிறகு தொல்லியலாளர்கள் தோண்டியதும் சேர்ந்து சுமார் 4,600 துண்டுகள். தங்கம் மட்டும் ஏறத்தாழ 4 கிலோ. வாள்பிடியின் அணிகள், நுண்ணிய செந்நிறக் கல் வேலைப்பாடுகள். பல துண்டுகள் மிகச் சிறியவை. அத்தனையும் உழவு மண்ணில் சிதறிக் கிடந்தவை. பொருள்கள் வியக்க வைக்கின்றன. ஆனால் ஏன் புதைத்தார்கள், எதில் வைத்துப் புதைத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த மண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. ஏர் அதை அழித்துவிட்டது.

2010 ஏப்ரலில் சாமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் ஒரு குழி தோண்டினார். சுமார் ஓரடிக்கு மேல் போனதும் ஒரு பானையின் விளிம்பும் ரோமானியக் காசுகளும் தென்பட்டன. பலரும் அந்த நிமிடத்தில் பானையை உடைத்து அள்ளியிருப்பார்கள். அவர் குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொன்னார். அவர்கள் பானைக்குள் இருந்த காசுகளை அடுக்கடுக்காக, எந்த அடுக்கில் எது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், 160 கிலோ எடை!

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. காசுகளில் கடைசிக் காலத்தவை கரௌசியஸ் என்ற ஆட்சியாளர் வெளியிட்டவை. உண்டியல்போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பானையென்றால் கடைசிக் காசுகள் மேலே இருக்க வேண்டும். ஆனால் கரௌசியஸ் காசுகளில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. எனவே இது ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பு இல்லை, ஒரே நேரத்தில் கொட்டி நிரப்பியது என்று தெரிந்தது. அவ்வளவு எடையைத் தூக்கினால் அந்த மெல்லிய பானை உடைந்திருக்கும். ஆகவே முதலில் பானையைப் புதைத்துவிட்டுத்தான் காசைக் கொட்டியிருக்க வேண்டும். இது செல்வத்தை ஒளித்துவைத்தது அல்ல, தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்துதான் எழுந்தது. அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் 52,503 காசுகளும் அப்படியே இருந்திருக்கும். இந்தக் கதை மட்டும் இருந்திருக்காது.

எதிர்மாறான சம்பவமும் உண்டு. 1980-களில் சர்ரேயின் வான்பரோ என்ற இடத்தில் ஒரு ரோமானியக் காலக் கோயில் இருந்த நிலத்தை டிடெக்டர்காரர்கள் இரவோடு இரவாகக் குடைந்து ஆயிரக்கணக்கான காசுகளைக் கொண்டுபோனார்கள். பழைய சட்டம் அவர்களைத் தண்டிக்கப் போதவில்லை. அந்தக் கொள்ளை கிளப்பிய கோபம்தான் 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1997-ல் சாதாரண மக்கள் கண்டெடுக்கும் பொருள்களைப் பதிவு செய்யும் திட்டமும் தொடங்கியது. இன்று அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பொறுப்பான தேடலுக்கான அங்குள்ள நடத்தை விதிகளும், உழவு நிலத்தில் ஏர் போகும் ஆழத்துக்குள்ளேயே தேடுங்கள் என்றுதான் சொல்கின்றன. அமெரிக்காவிலும் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு நிலங்களில் அனுமதியின்றித் தொல்பொருள் தோண்டுவது குற்றம்.

முப்பது ஆண்டுகளும் ஒரு மீட்டரும்

அப்படியானால் ஆழமாகத் தேடுவதே தவறா? இல்லை. பிரான்ஸ் கடற்கரைக்கு அருகில் உள்ள ஜெர்சி தீவு இதற்குச் சாட்சி.

அங்கே ரெக் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இரு நண்பர்கள். முன்னொரு காலத்தில் ஒரு வயலில் மண்பானையும் வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டதாக ஒருவர் சொன்ன பழங்கதையை நம்பி, 30 ஆண்டுகள் தேடினார்கள். ஆண்டுக்குச் சில மணி நேரம், அறுவடை முடிந்த பிறகு மட்டுமே அனுமதி. 2012-ல் மேல்மண்ணில் சில பத்துக் காசுகள் அகப்பட்டன. உழவு மேலே கொண்டுவந்தவை என்றால் மூலம் கீழே இருக்க வேண்டும் என்று ஊகித்து, இன்னும் ஆழமாகத் தேடும் கருவியைக் கொண்டுவந்தார்கள். சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் பெரிய கட்டி ஒன்று தட்டுப்பட்டது.

கையை எடுத்துவிட்டார்கள்! வல்லுநர்களை அழைத்தார்கள். ஏறக்குறைய முக்கால் டன் எடையுள்ள கட்டி அப்படியே மண்ணோடு தூக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு காசாக இடம் குறித்துப் பிரித்தெடுத்து 2017 ஜனவரியில்தான் முடித்தார்கள். சுமார் 70,000 கெல்டியக் காசுகள், நடுவே தங்கக் கழுத்தணிகள். ரோமானியர்கள் இப்போதைய பிரான்ஸைக் கைப்பற்றிய காலத்தில் அங்கிருந்து வந்த செல்வம் அது என்று கருதப்படுகிறது.

இங்கே ஆழம் தேடியதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் மேல்மண்ணில் சிறு காசுகள். அவை சொன்ன தகவல். அதன்பிறகே பெரிய கருவி. அதன்பிறகு நிறுத்தம்.

ஆக, எந்தச் சுருள்?

தொகுத்துச் சொன்னால் இப்படி:

குப்பையும் ஆணியும் நிறைந்த பழைய குடியிருப்பென்றால் சின்னச் சுருள். தாது மிகுந்த சிவப்பு மண் என்றால் நடுத்தர அளவுள்ள டபுள் டி. குப்பை குறைந்த, அகன்ற வயலில் ஓரளவு பெரிய பொருளைத் தேடினால் பெரிய சுருள். அதை ஆட்டும் கை வலிக்கும், கம்பின் நுனியில் எடை கூடும், நடை மெதுவாகும், சின்னப் பொருள்கள் தப்பும். இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

இதற்குமேல் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தக் கடையும் அதைக் கேட்காது. கலையாத மண்ணில் ஒலி கேட்டால் நிறுத்துவதற்கு மனம் தயாரா? நில உரிமையாளரின் அனுமதி, இடத்தைக் குறிக்கும் பழக்கம், தகவல் சொல்ல வேண்டியவரின் எண் ஆகிய மூன்றும் கையில் இல்லாதவருக்கு 15 அங்குலம் அதிகம்தான்.

கார்ஃபீல்டின் உடம்பில் எங்கே தேடுவது என்று தெரியாமல் தோற்றார்கள். லிட்டில் பிக்ஹார்னில் எப்படித் தேடுவது என்று தெரிந்ததால் சில அங்குல ஆழத்திலேயே ஒரு போரின் கதை மாறியது. ஃப்ரோமில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததால் ஒரு பானை பேசியது. வட்டத்தின் அளவை யாரும் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நிறுத்தத் தெரிந்த கையைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.